இரண்டு லிட்டர் டர்போ: வாங்கும் முன் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பயன்படுத்திய சொகுசுக் கார் ஒன்றை வாங்கத் தீர்மானித்து, பட்டியலைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறீர்கள்: ஒரு பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் சி கிளாஸ், ஓர் ஆடி ஏ4. மூன்றும் பெட்ரோல். மூன்றிலும் நான்கு சிலிண்டர், ஒரு டர்போ, ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளளவு. தன் காரின் என்ஜின்தான் உயர்ந்தது என்று விற்பவர் ஒவ்வொருவரும் சொல்வார். யார் சொல்வதையும் நம்பாமல் ஒரே நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில், நீங்களே முடிவுக்கு வருவதற்கான வேலைமுறை இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று நிறுவனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் விளம்பரங்கள் காட்டுவதைவிடச் சிறியது. ஒரே என்ஜின் இருக்கும் இரண்டு கார்களில், நேரத்துக்கு ஆயில் மாற்றியதற்கும் மாற்றாததற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. அதனால் கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் உங்கள் முன் நிற்கும் அந்த ஒரு காரைப் பற்றியவை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

• டார்ச் விளக்கு, வெள்ளைத் துணி, டிஷ்யூ தாள், மெல்லிய கையுறை.
• காரின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் ஓபிடி அடாப்டர், அதோடு இணையும் செயலி ஏற்றிய கைபேசி. மிக மலிவான அடாப்டர்கள் பாதியில் இணைப்பை விட்டுவிடும். கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். மூன்று கார்களுக்கும் ஒரே அடாப்டர், ஒரே செயலி.
• நோட்டுப் புத்தகம். ஒரு காருக்கு ஒரு பக்கம். மூன்றாவது காரைப் பார்க்கும்போது முதல் காரின் சத்தம் நினைவில் இருக்காது.
• கூட ஒருவர். ஓட்டும்போது நேரம் குறிக்கவும், வீடியோ எடுக்கவும் அவர் கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்பு: தொடங்கும் முன் படியுங்கள்

1. என்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும்.
2. எரிபொருள் குழாய் எதையும் தளர்த்தாதீர்கள். இந்த என்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. குழாயில் 200 முதல் 350 பார் வரை அழுத்தம் இருக்கும். அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.
3. சாவியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம். விரல், துப்பட்டா, கழுத்துப்பட்டை எதுவும் அருகில் வேண்டாம்.
4. அடித்தள வாகன நிறுத்தத்தில் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். காரை வெளியே கொண்டுவரச் சொல்வதும் சரியல்ல, அதற்குள் என்ஜின் சூடாகிவிடும். முந்தைய இரவே திறந்தவெளியில் நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.
5. 48 வோல்ட் துணை மின்கலம் உள்ள மெர்சிடிஸ்களில் அதன் கேபிள்களைத் தொட வேண்டாம். எந்தக் காரிலும் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் மின்னழுத்தம்.
6. ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரின் அடியிலும் தலையை நுழைக்காதீர்கள்.

படி 1: எந்த என்ஜின் என்று உறுதி செய்யுங்கள்

காரின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண் என்ஜினின் அளவைச் சொல்வதில்லை. ஒரு தலைமுறையில் 330ஐ என்றால் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். இன்றைய 330ஐ இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். சி 200 என்ற ஒரே பெயரில் பல வேறு என்ஜின்கள் வந்திருக்கின்றன. விற்பவருக்கே பல நேரம் இது தெரியாது.

எளிய வழி ஆர்சி. அதில் அச்சாகியிருக்கும் சிசி எண் என்ஜினைக் காட்டிக்கொடுத்துவிடும்.

• 1997: பிஎம்டபிள்யூ என்20. 2011-இல் வந்தது.
• 1998: பிஎம்டபிள்யூ பி48. 2014-இல் மினி காரில் முதலில் வந்து, பின்னர் 3 சீரிஸுக்கு வந்தது.
• 1796: மெர்சிடிஸின் பழைய எம்271.
• 1991: மெர்சிடிஸ் எம்274, அல்லது அதன் பின் வந்த எம்264-இன் இரண்டு லிட்டர் வடிவம்.
• 1497: எம்264-இன் ஒன்றரை லிட்டர் வடிவம். 2018-இல் புதுப்பித்த சி 200.
• 1496: எம்254-இன் ஒன்றரை லிட்டர் வடிவம். அடுத்த தலைமுறை சி 200.
• 1984: ஆடி இஏ888.
• 1395: ஆடியின் 1.4 லிட்டர் என்ஜின். ஏ4-இல் இதுவும் வந்தது. இரண்டு லிட்டர் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இரண்டு லிட்டர் இஏ888-இன் எல்லாத் தலைமுறைக்கும் 1984 சிசிதான். அங்கே காரின் உருவத்தைப் பார்க்க வேண்டும்: பி8 என்ற பழைய ஏ4-இல் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை, 2015-இல் அறிமுகமான பி9 ஏ4-இல் மூன்றாம் தலைமுறை. இந்த இரண்டுக்கும் நம்பகத்தன்மையில் பெரிய இடைவெளி உண்டு. கீழே சொல்கிறேன்.

குறிப்பு: 3 சீரிஸில் என்20 போய் பி48 வந்த மாதம் நாட்டுக்கு நாடு வேறு. "2015 மாடல்" என்ற பேச்சை வைத்து முடிவு செய்யாமல் சிசி எண்ணைப் பாருங்கள். 1997-க்கும் 1998-க்கும் இடையே உள்ள அந்த ஒரு சிசி, டைமிங் செயின் வேலைக்கு ஆகும் பெரிய செலவைத் தீர்மானிக்கும்.

படி 2: காகிதத்தில் ஒரு கணக்கு

அதிகபட்ச குதிரைத்திறனை வைத்து ஒப்பிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த எண் உயர்ந்த ஆர்பிஎம்-இல்தான் கிடைக்கும். ஊருக்குள் நீங்கள் ஓட்டுவது 1,500 முதல் 3,000 வரை. அந்த இடத்தில் என்ஜின் என்ன தருகிறது என்பதை ஒரு வரிக் கணக்கில் கண்டுபிடிக்கலாம்:

டார்க் (நியூட்டன் மீட்டர்) × ஆர்பிஎம் ÷ 9549 = கிலோவாட். அதை 1.36-ஆல் பெருக்கினால் எச்பி.

மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம்.

• 330ஐ, பி48: 258 எச்பி. டார்க் 400, 1,550 முதல் 4,400 ஆர்பிஎம் வரை.
• ஏ4, இஏ888 மூன்றாம் தலைமுறை: 190 எச்பி. டார்க் 320, 1,450 முதல் 4,200 வரை.
• சி 200, எம்274: 184 எச்பி. டார்க் 300, 1,200 முதல் 4,000 வரை.

2,000 ஆர்பிஎம்-இல் கணக்குப் போட்டால் 330ஐ 114 எச்பி, ஏ4 91, சி 200 85. இப்போது ஆர்சியில் இருக்கும் காலி எடையால் இதை வகுத்து, டன்னுக்கு எத்தனை எச்பி என்று எழுதுங்கள். சிக்னலில் இருந்து கிளம்பும்போது உங்கள் கால் உணரப்போவது அந்த எண்ணைத்தான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியவரும். ஏ4-ஐ 330ஐ-உடன் நிறுத்துவது நியாயமான ஒப்பீடு அல்ல. அதன் உண்மையான போட்டி சி 200-உம் 184 எச்பி 320ஐ-உம். ஏ4-இன் அந்த 190 எச்பி வடிவத்தில் உறிஞ்சு வால்வை முன்கூட்டியே மூடி, அழுத்த விகிதத்தை 11.65-க்கு உயர்த்தி, எரிபொருளை மிச்சப்படுத்தும் விதமாகவே ஆடி வடிவமைத்தது. எச்பி குறைவாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

லிட்டருக்கு இத்தனை எச்பி என்ற அளவுகோலையும் விட்டுவிடுங்கள். 2019-இல் வந்த ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் எம்139 என்ஜின் 1991 சிசி-யில் 421 எச்பி தருகிறது; அதாவது லிட்டருக்கு 211. அஃபால்டர்பாக் நகரில் ஒரு என்ஜினை ஒரே தொழிலாளி தொடக்கம் முதல் முடிவு வரை கோத்து முடிக்கும் அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அலுவலகம் போய்வரவும், குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் கார் தேடுபவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

படி 3: ஆறிய என்ஜினைக் கேளுங்கள்

மற்ற எல்லாப் படியையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

1. காலை முதல் ஸ்டார்ட் உங்கள் கண் முன் நடக்க வேண்டும். போனதும் பானட்டைத் திறந்து, என்ஜின் மேல் மூடியில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். நோட்டில் எழுதிவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.
2. ஏசி, இசை, மின்விசிறி எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள்.
3. கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி என்ஜினின் முன்புறம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். உடன் வந்தவர் ஸ்டார்ட் செய்யட்டும்.
4. முதல் ஐந்து நொடியை மிகக் கவனமாகக் கேளுங்கள். ஓரிரு நொடி "கடகட" என்று உலோகச் சத்தம் வந்து நின்றால், டைமிங் செயின் டென்ஷனரோ கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டரோ தேய்ந்திருக்கலாம்.
5. ஒரு நிமிடம் கழித்து மெதுவாக 2,000 ஆர்பிஎம் வரை உயர்த்தி இறக்குங்கள். ஆர்பிஎம் ஏற ஏறச் சைரன் போல உயரும் கீச்சொலி என்20-இல் கேட்டால் செயின் கைடையும், ஆயில் பம்ப் செயினையும் சந்தேகிக்க வேண்டும்.
6. பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெண்ணிற ஆவி வருவது இயல்பு. நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது.
7. ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு, ஒருமுறை சட்டென்று ஆக்சிலேட்டரைத் தட்டுங்கள். அப்போது மட்டும் நீலப் புகை எழுந்தால் வால்வு சீல் அல்லது டர்போ சீல்.

நேரடி எரிபொருள் பீய்ச்சும் என்ஜின்களில் "டிக் டிக்" என்று வேகமான, மெல்லிய, சீரான சத்தம் எப்போதும் இருக்கும். அது இன்ஜெக்டரும் உயரழுத்தப் பம்பும். டீசல் போலக் கேட்கிறதே என்று பயந்து நல்ல காரை விட்டவர்கள் நிறையப் பேர். சீராக இருக்கும் சத்தம் பரவாயில்லை. திடீரென்று வந்து மறையும் சத்தத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

படி 4: ஆயிலும் கூலன்டும்

பிஎம்டபிள்யூ என்20-இல் டிப்ஸ்டிக் கிடையாது. ஆடி ஏ4-களிலும் பெரும்பாலும் திரையில்தான் பார்க்க வேண்டும். என்ஜின் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, மெனுவில் ஆயில் அளவைக் கேளுங்கள். அளவு குறைவாக இருந்தால் கடைசி சர்வீஸுக்குப் பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் சரி. தார் போன்ற கருப்புக் கட்டி ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டுபோயிருக்கிறது.

ஐட்லிங்கில் ஓடும்போது அந்த மூடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் இழுப்பு இருக்கலாம். கையால் எடுக்கவே சிரமமாக, விசில் சத்தத்தோடு இழுத்தால் என்ஜின் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். இஏ888-இல் இதைக் கட்டாயம் பாருங்கள்.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: பி48-இல் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் அடி, கூலன்ட் தொட்டியின் தையல் விளிம்பு, அதிலிருந்து போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இஏ888 மூன்றாம் தலைமுறையில், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங். கசிந்து காய்ந்த கூலன்ட் அங்கே வெளிறிய படிவமாக நிற்கும். எம்274-இல் என்ஜினின் முன் மேற்பகுதியில் இருக்கும் கேம்ஷாஃப்ட் மேக்னெட்டின் இணைப்பானைக் கழற்றாமல் வெளியிலிருந்தே டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஈரம் இருந்தால் அது ஒயர் வழியாகவே ஊர்ந்து போய்க் கட்டுப்பாட்டு மின்னணுப் பெட்டி வரை சேரும் ஆபத்து இருக்கிறது.

என்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் மகிழாதீர்கள். கசிவின் தடயம் போய்விட்டது. அந்தக் காரை முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி டார்ச் அடியுங்கள்.

படி 5: ஸ்கேனர்

ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டின் அடியில் இருக்கும் சாக்கெட்டில் அடாப்டரைச் செருகுங்கள். இந்த வரிசையில் போங்கள்.

1. சாவி ஆன், என்ஜின் ஓடாத நிலை. மேனிஃபோல்டு அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது? அது அந்த ஊரின் காற்றழுத்தம்: சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், ஊட்டியில் 80-க்கும் கீழே. பின்னால் டர்போ எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது என்று பார்க்கும்போது இதைக் கழிக்க வேண்டும்.
2. பதிவான கோளாறுகள். எந்தக் கோளாறும் இல்லை என்று வந்தால் அதோடு நிறுத்தாமல் "ரெடினஸ் மானிட்டர்" பக்கத்தைத் திறங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால் நேற்றோ இன்று காலையோ யாரோ கோளாறுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.
3. பி0016 வந்தால் கிராங்கும் கேம்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை, செயின் நீண்டிருக்கலாம். பி0299 டர்போ அழுத்தக் குறைவு. பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு. பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிவு. பி0300 தொடங்கி வருபவை மிஸ்ஃபையர்.
4. என்ஜின் சூடான பிறகு ஃபியூயல் டிரிம், அதாவது பெட்ரோல் அளவில் காரின் கணினி செய்யும் திருத்தம். குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் பத்து சதவீதத்துக்குள், கழித்தல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

இங்கே புதியவர் எல்லாரும் விழும் ஒரு குழி உண்டு. ஐட்லிங்கில் ஆடியின் மேனிஃபோல்டு அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல் என்று தாழ்ந்து நிற்கும். அடுத்து பிஎம்டபிள்யூவில் பார்த்தால் 90-க்கும் மேல் காட்டும். "ஏர் லீக்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிஎம்டபிள்யூவின் வால்வ்ட்ரானிக் அமைப்பு காற்றின் அளவை வால்வு திறக்கும் உயரத்தை வைத்தே கட்டுப்படுத்துகிறது. த்ராட்டில் ஏறத்தாழ முழுக்கத் திறந்திருக்கும். அதனால் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகக் குறைவு. இந்த ஓர் எண்ணை நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிடவே முடியாது. அதே மாடல் இன்னொரு காரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 6: ஒரே சாலையில், ஒரே முறையில்

போக்குவரத்து இல்லாத, நேரான, நல்ல சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கார்களும் அதே சாலைக்கு, கூடுமானவரை அதே நேரத்தில் வர வேண்டும். காலை ஆறரைக்கு ஒரு காரும் மே மாத மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு காரும் ஓட்டினால் அது ஒப்பீடே அல்ல; டர்போ என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் திறனை நேரடியாக மாற்றும்.

1. மூன்றிலும் கம்ஃபர்ட் முறை. ஏசி மூன்றிலும் அணைந்திருக்கட்டும்.
2. குறைந்தது பதினைந்து நிமிடம் நிதானமாக ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் ஆகும்.
3. கியரை மேனுவலுக்கு மாற்றி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 ஆர்பிஎம் அளவில் இருக்கும் கியரைப் பிடியுங்கள். "டி"-யில் விட்டால் கியர்பாக்ஸ் இரண்டு கியர் இறக்கி, என்ஜினின் குறையை மறைத்துவிடும்.
4. 40-இலிருந்து 80 வரை வேகம் கூட்டுங்கள். பெடலின் அடியில் ஒரு தடங்கல் போல உணரும் இடம் கிக்டவுன். அதைத் தாண்டி அழுத்தாதீர்கள்.
5. உடன் வந்தவர் வேகமானியை வீடியோ எடுக்கட்டும். நேரத்தை வீட்டில் போய் வீடியோவில் எண்ணிக்கொள்ளலாம். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும்.
6. போகும் திசையில் மூன்று முறை, வரும் திசையில் மூன்று முறை. கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம் இதில் அடிபட்டுவிடும்.

ஒரு காரின் கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடத் தெளிவாக மந்தமாக இருந்தால், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் அடைப்போ, குழாயில் கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை: 1,500 ஆர்பிஎம்-க்கும் கீழே, உயர்ந்த கியரில், பெடலை முழுக்க அழுத்திச் சோதிக்காதீர்கள். சிறிய டர்போ என்ஜின்களில் அந்த நிலையில் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை வெடிக்க வாய்ப்பு உண்டு. ஒரே வெடிப்பு பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழும். கார் உங்களுடையதான பிறகும் இந்தப் பழக்கம் வேண்டாம். வேக வரம்பையும் மீற வேண்டாம். 40 முதல் 80 வரை உள்ள சோதனையே போதும் என்பதால்தான் அதைச் சொன்னேன்.

பிறகு கியரை "டி"-க்கு மாற்றி, நெரிசலான ஒரு தெருவில் ஊர்ந்து பாருங்கள். 330ஐ-இன் இசட்எஃப் எட்டு வேகக் கியர்பாக்ஸும் மெர்சிடிஸின் ஏழு, ஒன்பது வேகக் கியர்பாக்ஸ்களும் டார்க் கன்வெர்ட்டர் வகை; மெதுவான வேகத்தில் மென்மையாக நகரும். பி9 ஏ4-இல் இரட்டை கிளட்ச். அதில் ஊர்ந்து போகும்போது இடிப்போ நடுக்கமோ இருந்தால் அது கியர்பாக்ஸின் பிரச்சினை. என்ஜின் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டு திசையிலும் உணர்ந்ததை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். என் பார்வையில், நல்ல நிலையில் இருக்கும் பி48 மூன்றிலும் ஆர்வமாகச் சுழலும் என்ஜின். இஏ888 மிகவும் மென்மையானது. எம்274 கீழ் ஆர்பிஎம்-இல் நன்றாக இழுக்கும். மேலே போனால் கொஞ்சம் முரட்டுச் சத்தம்.

ஒவ்வொன்றிலும் எதைக் கேட்க வேண்டும்

என்20. டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு வெப்பத்தில் உடையக்கூடியதாகி, துண்டுகள் ஆயில் தொட்டியில் விழுந்து உறிஞ்சு குழாயை அடைத்தன. அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குத் தொடரும் வரை இந்த விவகாரம் போனது. கைடு மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இருந்தால் தயங்க வேண்டாம், இது அருமையான என்ஜின். பில் இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பி48. செயின் என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. கெட்டுப்போவது அரிது, ஆனால் வேலை வந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். ஆகவே படி 3-இன் முதல் ஐந்து நொடி இங்கே கூடுதல் முக்கியம். கூலன்ட் குழாய், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் ஆகிய இரண்டும் வயதானால் மாற்ற வேண்டியவை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

எம்271. இன்னும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். செயின் நீள்வதும் கேம்ஷாஃப்ட் பற்சக்கரம் தேய்வதும் இதன் பழைய நோய். செயின் மாற்றிய சான்று இல்லாமல் தொட வேண்டாம்.

எம்274. ஆறிய ஸ்டார்ட்டில் அட்ஜஸ்டர் கடகடப்பு, மேக்னெட் எண்ணெய்க் கசிவு இரண்டையும் பார்த்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் சர்வீஸ் வரலாற்றைப் பொறுத்தது. 48 வோல்ட் உள்ள புதிய எம்264, எம்254 என்றால் கம்பெனியின் நீட்டித்த வாரண்டியோடு வாங்குவதே நல்லது. அந்த மின்பாகங்களைப் பழகிய வெளி மெக்கானிக்குகள் இன்னும் குறைவு.

இஏ888. இரண்டாம் தலைமுறையில் பிஸ்டன் வளையங்களின் வடிவமைப்பால் ஆயில் அளவுக்கு மீறி எரிந்தது. செயின் டென்ஷனரும் தொல்லை கொடுத்தது. இரண்டும் அமெரிக்க நீதிமன்றங்களில் சமரசத்தில் முடிந்த வழக்குகள். மூன்றாம் தலைமுறையில் இவை வெகுவாகத் தீர்ந்தன. மிஞ்சியது வாட்டர் பம்ப் கசிவு. விலை எவ்வளவு கவர்ந்தாலும் பி8-ஐ விட பி9-ஐயே நான் தேர்வேன்.

எல்லா நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களிலும் வயதானால் உறிஞ்சு வால்வின் மேல் கரி படியும், ஏனென்றால் அதைக் கழுவ அந்தப் பக்கம் பெட்ரோல் வருவதில்லை. ஐட்லிங் நடுங்கினால், வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை உள்ள ஒர்க்ஷாப்பைத் தேடுங்கள்.

ஆயிலும் பெட்ரோலும்

கேனின் மேல் இருக்கும் பிராண்டைவிட, பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் அங்கீகார எண் முக்கியம். பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப் வரிசை, மெர்சிடிஸுக்கு எம்பி 229 வரிசை, ஆடிக்கு விடபிள்யூ 502, 504, 508 வரிசை. இதில் எது உங்கள் காருக்கு என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். 508 மிக மெல்லிய ஆயில். அதற்கென வடிவமைக்காத பழைய இஏ888-இல் ஊற்றக்கூடாது. திரை காட்டும் நீண்ட இடைவெளியை நம்பாமல், நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 8,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள் என்பேன்.

பெட்ரோல் மூடியின் உட்புறம் உள்ள ஒட்டியில் குறைந்தபட்ச ஆக்டேனும் எத்தனால் வரம்பும் அச்சாகியிருக்கும். காரைப் பார்க்கப் போன அன்றே அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் இ10 வரைதான் அனுமதி என்று இருந்தால், உங்கள் ஊர்ப் பம்பில் கிடைப்பதோடு ஒப்பிட்டு, அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

படி 7: விலை பேசும் முன்

நோட்டின் மூன்று பக்கங்களையும் அருகருகே வைத்து, கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் எதிரே செலவை எழுத வேண்டும். செலவை விற்பவரிடம் கேட்காதீர்கள். அந்தப் பிராண்டை மட்டும் பார்க்கும் வெளி ஒர்க்ஷாப் ஒன்றில், பாகம் தனியாக, கூலி தனியாக எழுதி வாங்குங்கள். செயின், வாட்டர் பம்ப், ஆயில் கசிவு ஆகிய மூன்றையும் கேட்டால் போதும். சின்னச் சின்னதையெல்லாம் சேர்த்தால் பேரம் குழம்பும்.

சர்வீஸ் பதிவில் தேதியும் கிலோமீட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று வரிசையாகப் படியுங்கள். இரண்டு ஆயில் மாற்றத்துக்கு இடையே இருபதாயிரம் கிலோமீட்டர் இடைவெளி எங்காவது இருந்தால், அந்த என்ஜினை எவ்வளவு நன்றாக இழுத்தாலும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆறிய ஸ்டார்ட்டுக்கு இரண்டாவது முறையும் மறுப்பவரின் காரையும் அப்படியே. மிஞ்சும் காரின் ஒர்க்ஷாப் மதிப்பீடு எழுத்தில் கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாயும் வேண்டாம்.